இரண்டு தட்டினால் நிற்கும் வண்டி

3 ஜூன் 2025, செவ்வாய்

கொருக்குப்பேட்டை கேட்டில் இன்று காலை நைனாவின் டிராக்டர் சைலென்சர் உடைந்து விழுந்தது. மேல் பாதி தண்டவாளத்தில், கீழ்ப் பாதி வண்டியில். கேட்கீப்பர் ஓடிவந்து காலால் தள்ளிவிட்டாராம். நைனா அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் வைத்திருக்கிறார். செத்த நாயைத் தூக்கிவந்த மாதிரி அம்மா பார்க்கிறாள்.

நைனாவின் டிராக்டர் என்று எழுதுவது பழக்கம். வண்டி தண்ணீர் ஒப்பந்தக்காரருடையது. ஐம்பது வருடத்துச் சிவப்பு மாஸி ஃபெர்குசன். எந்த வயலில் உழுததோ, எப்படி வடசென்னைக்கு வந்ததோ, யாருக்கும் தெரியாது. இப்போது தண்ணீர் டாங்க் இழுக்கிறது. லாரி நுழையாத ஐந்து சந்துகளுக்கு இது ஒன்றுதான் வரும். மூன்று வருடமாக நைனா ஓட்டுகிறார். எனக்கு அப்பா, பேர் மண்ணாங்கட்டி, ஆனால் சந்துக்கே அவர் நைனா.

முன்பே அந்த வண்டியின் சத்தம் பேட்டை முழுக்கத் தெரியும். கேட்டைத் தாண்டும்போதே எங்கள் சந்தில் குடங்கள் வரிசைக்கு வந்துவிடும். பக்கத்தில் நின்று கத்தினாலும் டிரைவருக்குக் கேட்காது. அதனால் எல்லோரும் டாங்கைத் தட்டுவார்கள். ஒரு தட்டு, போ. இரண்டு தட்டு, நில். குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

இன்று அதைவிட மூன்று மடங்கு சத்தம். அதோடுதான் ஐந்து சந்துக்கும் ஊற்றிவிட்டு வந்தார்.

4 ஜூன், புதன்

சூப்பர்வைசர் இசக்கிப்பாண்டி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். இங்கே வந்து பதினைந்து வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை.

"சவம் என்னா சத்தம் போடுது, மண்ணாங்கட்டியண்ணே. புது அப்பார்ட்மென்ட்காரங்க வீடியோ எடுத்து மேல அனுப்பிட்டாங்க. இருபதாந்தேதிக்குள்ள சரியான சைலென்சர் மாட்டணும். இல்லன்னா இந்த ட்ரிப்பு லாரிக்குப் போயிரும்."

"லாரி சந்துக்குள்ள வராது சார்" என்றேன்.

"மெயின் ரோட்டுல நிக்கும். வந்து பிடிச்சுக்கிட வேண்டியதுதான்."

மெயின் ரோடு எங்கள் வீட்டிலிருந்து எழுநூறு அடி. மாடிவீட்டுக் கிழவிகளும் மாசமாக இருப்பவர்களும் இடுப்பில் குடத்தோடு எழுநூறு அடி. புகார் கொடுத்தவர்களின் கட்டடத்துக்கு அடியில் பெரிய தொட்டி இருக்கிறது. தினமும் நாலு லாரி வந்து நிரப்புகிறது. அந்த லாரிகள் சத்தம் போடாதா? போடும். அது அவர்களுடைய தண்ணீரின் சத்தம். அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

சைலென்சரை யார் தேடுவது? டிரைவர் கையில் உடைந்தது, டிரைவர்தான் தேட வேண்டும். மேலிடத்து உத்தரவு.

இசக்கிப்பாண்டி இரண்டு முறை "இருபதாந்தேதி" என்றார். நைனா, "டயரு நல்லாத்தான் கீது சார்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

மூன்று வருடம் அந்த எஞ்சினோடு உட்கார்ந்தால் யாருக்கும் காது மந்தமாகும். நல்ல சைலென்சர் மாட்டினால் தானாகத் திறந்துகொள்ளும் என்கிறாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆக நைனாவின் வேலை, நைனாவின் காது, சந்தின் தண்ணீர் மூன்றுக்கும் ஒரு இரும்புக் குழாய் வேண்டும். பதினாறு நாள் இருக்கிறது.

6 ஜூன், வெள்ளி

நைனா போன் பேச மாட்டேன் என்கிறார். "போன்ல கொரகொரன்னு கீது, நீயே பேசு."

ஆபீஸ் இடைவேளையில் பதினொரு கடைகளுக்குப் பேசினேன். எல்லோரும் மாடல் கேட்டார்கள். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துப் படித்தேன். பாதிப் பேர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் மரியாதையாகப் பேசினார்.

"அத வித்துட்டு வேற வாங்கிடுங்க மேடம்."

"வண்டி எங்களுது இல்ல."

"அப்ப உங்களுக்கு ஏன் மேடம் கவல?"

போனை வைத்துவிட்டேன்.

7 ஜூன், சனி

செங்குன்றத்தில் ஒரு கடைக்காரர் புத்தகத்தில் உள்ள மாடலுக்கு இருக்கிறது என்றார். போய் எடுத்துவந்தேன். பளபளவென்று இருந்தது. பொருந்தவில்லை. அதன் அடியில் மூன்று போல்ட்டுக்கு ஓட்டை. எங்கள் எஞ்சினில் புகை வெளியேறும் வாயில் நான்கு.

நைனா அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, "சேராது" என்றார். முகத்தில் வருத்தம் இல்லை. நிம்மதி மாதிரி ஒன்று தெரிந்தது. களைப்பாக இருக்கும்.

8 ஜூன், ஞாயிறு

மூலக்கொத்தளம். சுடுகாட்டுச் சுவருக்கு எதிரே ரூபினாவின் பழைய இரும்புக் கடை. என்னைவிட நாலைந்து வயது பெரியவள். அண்ணன் துபாய் போனதிலிருந்து அவள்தான் நடத்துகிறாள். வாசலில் கியர்பாக்ஸ் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா வோணும் கண்ணு?"

"டிராக்டர் சைலென்சர். பழைய வண்டி."

"எத்தினி பழசு?"

"ஐம்பது வருசம்."

"அப்ப எதிர் பக்கம் போ. இங்க உயிர் கீற சரக்குதான்." சுவரைக் காட்டினாள். பிறகு அவளே சிரித்தாள். "ரெண்டு பக்கமும் ரிட்டன் கெடயாது, அது மட்டும் ஒண்ணு."

சாக்கைப் பிரித்து உடைந்த பாதியைக் கொடுத்தேன். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"இத்த யாரு நோண்டினது?"

"துருப்பிடிச்சு உடைஞ்சது."

"ஓரம் துரு. உள்ள பாரு. சத்தத்தத் தின்றதுக்கு ஓட்டை போட்ட தகடு வரிசையா இருக்கும். ஒண்ணுகூட இல்ல. உளி வெச்சுப் பேத்து எடுத்துகீறான். தோ, வெட்டு."

பார்த்தேன். சுற்றிலும் உளியின் வெட்டுகள், ஒரே அளவில், பொறுமையாக. அவசரத்தில் செய்த வேலை இல்லை.

"எதுக்குச் செய்வாங்க?"

"இழுவை ஜாஸ்தி வரும்னு சில ஓனருங்க செய்வானுங்க. லோடு ஒரு ட்ரிப்பு கூட அடிக்கலாம்ல."

அதுதான். ஒரு ட்ரிப் கூட அடிக்க வண்டியின் வயிற்றைக் குடைந்து எடுத்திருக்கிறார்கள். சத்தம் யார் காதில் விழுந்தால் என்ன. பிறகு அதே ஆட்கள் டிரைவர் கையில் உடைந்தது என்று உத்தரவு போடுகிறார்கள். 

ரூபினா ஒரு வழி சொன்னாள். மாடல் பேர் வேண்டாம், வாய் அளவு வேண்டும். தடிமனான அட்டையில் கிரீஸ் தடவி, எஞ்சின் வாயில் வைத்து அமுக்கினால் ஓட்டைகள் அப்படியே பதியும். "புக்கு பொய் சொல்லும் கண்ணு. அட்ட சொல்லாது."

வீட்டுக்கு வந்து உளி விஷயத்தை நைனாவிடம் கத்திச் சொன்னேன். கேட்டது என்று நினைக்கிறேன். "பழசு. வுடு" என்றார். கை கழுவப் போய்விட்டார்.

9 ஜூன், திங்கள்

இன்று 212 ஜோடி காதடைப்பான் கொடுத்தேன். 212 கையெழுத்து வாங்கினேன்.

இதுதான் என் வேலை. விம்கோ நகர் தாண்டி ஒரு கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவு. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு ஆரஞ்சு நிறப் பஞ்சு விநியோகம் செய்கிறேன். காது முக்கியம் என்பதால் இல்லை, கையெழுத்து முக்கியம் என்பதால். நாளைக்கு யாராவது காது போச்சு என்றால் கம்பெனி எடுத்துக் காட்டும். வருடத்துக்கு ஒரு முறை காதுச் சோதனை வண்டி வரும். நிரந்தரத் தொழிலாளிகளுக்கு மட்டும். ஒப்பந்த ஆட்களின் பெயருக்கு எதிரே "பொருந்தாது" என்று எழுத வேண்டும். நான்தான் எழுதுகிறேன்.

நைனா இதே சாலையில் வேறொரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் இரும்படிக்கும் பிரஸ்ஸில் ஒப்பந்தக் கூலி. பஞ்சும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. கை துடைக்கும் பனியன் வேஸ்ட்டைக் காதில் திணித்துக்கொள்வார். சின்ன வயதில் சாயங்காலம் அவர் காதிலிருந்து நூல் எடுப்பது எனக்கு விளையாட்டு.

11 ஜூன், புதன்

அட்டையில் அளவு எடுக்க விடாமல் நைனா மூன்று நாளாகச் சாக்கு சொல்கிறார். எஞ்சின் சூடாக இருக்கிறது. நட்டு இறுகிப்போய்விட்டது. மழை வரும் போல் இருக்கிறது.

மழை வரவில்லை.

12 ஜூன், வியாழன்

ஆறு மணிக்கு நானே ஸ்பேனரோடு ஷெட்டுக்குப் போனேன். யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, நல்ல தடிமன். வண்டியில் ஒட்டியிருந்த கீழ்ப் பாதியைக் கழற்றிவிட்டு, பத்திரிகையில் கிரீஸ் தடவி எஞ்சின் வாயில் அமுக்கினேன். மணமகன் பெயருக்கு மேல் நான்கு ஓட்டை, நடுவில் பெரிய வட்டம். சுத்தமாக விழுந்தது.

நைனா பக்கத்தில் பீடியோடு நின்றார். தடுக்கவில்லை. உதவவும் இல்லை.

"இந்தச் சத்தம் எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல குழலி" என்றார்.

"உனக்கு இல்ல. ஊருக்கு."



14 ஜூன், சனி

ரூபினா பத்திரிகையை வாங்கி, நான்கு ஓட்டைக்கும் இடையே விரலால் அளந்தாள். பிறகு, "உங்க நைனா ஓட்டறது டிராக்டரே இல்ல கண்ணு" என்றாள்.

எஞ்சின் டிராக்டருடையதுதான். ஆனால் சைலென்சர் உட்காரும் புகைவாய்க் கட்டை வேறு. ரோட்டை உடைக்கிற துளைப்பானுக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸர் வண்டி இருக்கிறதே, அதிலிருந்து கழற்றி மாட்டியது. எப்போதோ பழையது வெடித்திருக்கும், கிடைத்ததை மாட்டியிருப்பார்கள். அதனால் டிராக்டர் சைலென்சர் எதுவும் எந்தக் காலத்திலும் அதில் உட்காராது. கம்ப்ரஸர் சைலென்சர் வேண்டும்.

"எண்ணூர்ல ஒரு கம்ப்ரஸரு செத்துக் கெடக்குது. கேட்டுச் சொல்றேன். அல்லா வுட்ட வழி."

ஆர்.சி. புத்தகத்தை நம்பி ஒரு வாரம் அலைந்திருக்கிறேன். படித்தவள் செய்யும் தப்பு. காகிதத்தில் இருப்பதைத்தான் வண்டி என்று நினைத்தேன்.

17 ஜூன், செவ்வாய்

ரூபினா போன். "மாப்ள கெடச்சிட்டான். கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் குள்ளம். வாய் பொருந்தும். வந்து அழைச்சிகினு போ."

18 ஜூன், புதன்

அரை நாள் லீவு. மதியம் மூன்று மணிக்கு மாட்டினோம். நான்கு போல்ட்டும் கையாலேயே திருகி உள்ளே போயின. இவ்வளவு சுலபமாக ஒன்று பொருந்தி நான் பார்த்ததில்லை.

நைனா ஸ்டார்ட் செய்தார். முதல் புகை கறுப்பு, பிறகு சாம்பல், பிறகு ஒன்றும் இல்லை. சத்தம் எங்கோ அடுத்த தெருவில் மோட்டார் ஓடுவது போல. ஷெட்டில் குருவி கத்துவது கேட்டது. இசக்கிப்பாண்டி போனில் கேட்டுவிட்டு, "ஏ, வண்டி ஓடுதா நிக்குதாம்மா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

கேட் வரை ஓட்டிப் பார்க்கப் போனோம். நான் மட்கார்டு மேல் உட்கார்ந்தேன். கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில், பிறகு இன்னொன்று. கால் மணி நேரம். எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டே இருந்தது.

கேட் திறந்தது. நைனா ஸ்டார்ட்டரைத் திருகினார்.

ஓடுகிற எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பல்லும் பல்லும் உரசும். கேட்டில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பக்கத்து ஆட்டோக்காரர் முகத்தைச் சுளித்தார். நைனா சுளிக்கவில்லை. மறுபடியும் திருகினார். மறுபடியும் அதே கர்ர்ர். என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நின்னு பூட்ச்சி பாரு. எழுந்திருக்க மாட்டேங்குது."

"ஓடிக்கினுதான் கீது நைனா."

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்தார். எப்போதிலிருந்து இப்படி உதட்டைப் பார்க்கிறார்? நான் கவனித்ததே இல்லை. அவர் கையைப் பிடித்து பானெட் மேல் வைத்தேன். கை அதிர்ந்தது. அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கியர் போட்டார். பின்னால் ஹாரன்கள் அடித்துக்கொண்டிருந்தன. அதுவும் எனக்கு மட்டும்தான் கேட்டது.

ஷெட்டில் இறங்கியதும் கேட்டேன். கத்திக் கேட்டேன். உளி நீ வெச்சதா?

"ஆமா."

எப்போ?

"ரெண்டு வருசம் ஆவுது. எஞ்சின் தெரியலன்னா எப்ப கியர் மாத்தறது, எப்ப ஆக்ஸிலேட்டர் குடுக்கறது? தகடு எடுத்தப்புறம் கொஞ்சம் கேட்டுச்சி. அப்புறம் இன்னும் கொஞ்சம் எடுத்தேன்."

எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?

"சொன்னா ஓட்ட வுடுவியா?"

விடமாட்டேன். 

ஓனர் செய்தான், ஓனர் செய்தான் என்று பத்து நாள் கறுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பொறுமையான வெட்டுகளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி வெட்டுகிறவர் ஒருவர்தான்.

அந்தச் சத்தத்தில் யாருக்குமே காது கேட்காது. அதில் நைனா எல்லோரையும் போல ஒருவர். அந்தச் சத்தத்தைத்தான் நான் ஊரெல்லாம் சைலென்சர் தேடிக் கொண்டுவந்து அடைத்திருக்கிறேன்.

19 ஜூன், வியாழன்

நான் வேலைக்குப் போயிருந்தேன். அம்மா சொன்னதை எழுதுகிறேன்.

வண்டி வந்தது சந்தில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. "திருட்டுப் பூனையாட்டம் வந்து நின்னுது" என்கிறாள் அம்மா. முன்வரிசை பிடித்து முடித்ததும் யாரோ ஒரு தட்டு தட்டினார்கள். போ. நைனா எடுத்தார். அதற்குள் கடைசி வீட்டு மலிகா டிரம்மில் ஹோஸைப் போட்டிருந்தாள். "நிறுத்து நைனா, நிறுத்து" என்று கத்தினாள். எல்லோரும் கத்தினார்கள். இரண்டு வருடமாக யாரும் கத்தியதில்லை. கத்திப் பயன் இல்லை, அதனால் தட்டுவார்கள். இன்றுதான் வண்டி அமைதியாக இருக்கிறதே, வாயால் சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். அதனால் யாரும் தட்டவில்லை.

ஹோஸ் இழுத்து நிறைந்த டிரம் சாய்ந்தது. மலிகாவின் கால் மேல். இரண்டு விரல் முறிவு. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள்.

சந்து முழுக்க ஒரே பேச்சு. புது சைலென்சர் மாட்டியதும் திமிர் வந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாராம்.

20 ஜூன், வெள்ளி

கெடு நாள். சைலென்சர் பற்றி யாரும் கேட்கவில்லை.

நான் லீவு போட்டிருந்தேன். வண்டி சந்தில் நிற்கும்போது இசக்கிப்பாண்டி வந்தார். மலிகா கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டி வாசலில் உட்கார்ந்திருந்தாள். கோபமாகக்கூட இல்லை. "இன்னா நைனா, என் கால் உனக்கு இன்னா பாவம் பண்ணுச்சி? அத்தினி பேரு கூவறோம், காதுல போட்டுக்கவே இல்லியே" என்றாள். சுற்றிலும் இருபது பேர்.

இசக்கிப்பாண்டி கேட்டார்: "அண்ணே, கூப்பிட்டது கேட்டிச்சா இல்லையா?"

நைனா அவர் உதட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"கேட்டுச்சி. அடுத்த சந்துக்கு லேட்டாவுதுன்னு எடுத்துட்டேன். தப்பு என்னுதுதான்."

அதாவது, திமிர் பிடித்தவன் என்று இருபது பேர் சொல்லட்டும். செவிடன் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. திமிர் என்றால் எச்சரித்து விட்டுவிடுவார்கள். செவிடு என்றால் வண்டியையே பிடுங்கிக்கொள்வார்கள்.

எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. அவசரத்தில் உளறினேன் என்று பிறகு சொல்லிக்கொள்ளக்கூடாது. நேரம் இருந்தது. எதிர் வீட்டு வாசலில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று டாங்க் சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து மண் தின்றுகொண்டிருந்தது.

"அவருக்குக் காது கேக்காது சார்" என்றேன். "ரொம்ப நாளா."

 மலிகா ஸ்டூலிலிருந்து காலை இறக்கினாள். நைனா என் உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதனால் அவருக்கும் தெரிந்துவிட்டது.

சாவியை இசக்கிப்பாண்டி கேட்கவில்லை. நைனாவே எடுத்துக் கொடுத்தார்.

21 ஜூன், சனி

நைனா என்னோடு பேசவில்லை. அம்மா பேசினாள். "நாலு பேருக்கு முன்னாடி சொல்லணுமாடி? வூட்டுக்குள்ள சொல்லிருக்கலாம்ல?"

வீட்டுக்குள் சொல்லியிருந்தால் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கும்.

24 ஜூன், செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரி. மூன்று மணி நேரம் வரிசை. நைனாவைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள். வெளியே ஒரு பெண் பொத்தான்களை அழுத்திக்கொண்டே போனாள். நைனா பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கை தொடையிலேயே இருந்தது. ரொம்ப நேரம்.

டாக்டர் என் வயதுதான் இருப்பார். "இது டிராக்டரால மட்டும் வந்தது இல்ல. இருபது வருஷத்துக்கு மேல பெரிய சத்தத்துல இருந்திருக்கார். எங்க வேல பார்த்தார்?"

சொன்னேன்.

"அங்க காது டெஸ்ட் எடுத்த ரிப்போர்ட் ஏதாவது?"

இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான்கு ஒப்பந்தக்காரர்கள் மாறினார்கள். நான்கு பேரிடமும் நைனாவின் பெயர் இல்லை. பிரஸ் இருந்தது, சத்தம் இருந்தது, ஆள் மட்டும் காகிதத்தில் இல்லை.

போனது திரும்பாது என்றார். காதில் மிஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் புரியும். எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சைலென்சர் வந்தால் காது திறக்கும் என்று நினைத்தவள் நான்.

27 ஜூன், வெள்ளி

காதுச் சோதனை வண்டி கம்பெனிக்கு வந்தது. பட்டியல் தயார் செய்வது என் வேலை. பிரஸ் பிரிவில் நாற்பத்தொரு ஒப்பந்த ஆட்கள். "பொருந்தாது" என்று எழுதும் இடத்தில் நேரம் எழுதினேன். 9.00, 9.10, 9.20. பிறகு ஆட்களை அனுப்பினேன்.

பதினேழு பேர் முடிந்த பிறகு மேனேஜர் கண்டுபிடித்தார்.

"இத யார் சொல்லிச் செஞ்சீங்க?"

"பட்டியல்ல இருக்கு சார்."

"பட்டியல யார் போட்டது?"

"நான்தான்."

திங்கட்கிழமை விளக்கக் கடிதம் தர வேண்டும். பதினேழு பேரின் சோதனைத் தாளை மேனேஜர் வருவதற்கு முன்பே அவரவர் கையில் கொடுத்துவிட்டேன். பதினொரு பேருக்கு நன்றாக இல்லை. மீதி இருபத்து நான்கு பேருக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது. கடிதத்தில் என்ன எழுதுவது என்று இன்னும் யோசிக்கவில்லை.

1 ஜூலை, செவ்வாய்

வேலை போகவில்லை. ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். இனி போல்ட் எண்ண வேண்டும்.

ராத்திரி சாப்பிடும்போது நைனா தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்: "பதினேழு பேரா?" அம்மா சொல்லியிருப்பாள். தலையசைத்தேன். சோற்றைத் திரும்பப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பத்து நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

6 ஜூலை, ஞாயிறு

வண்டியை இப்போது அஃப்ரித் என்ற பையன் ஓட்டுகிறான். நன்றாக ஓட்டுகிறான். பிரச்சினை வேறு. சத்தம் இல்லாததால் வண்டி வருவது யாருக்கும் தெரிவதில்லை. இரண்டு வாரமாகக் கடைசி வீடுகள் தண்ணீரைத் தவறவிட்டுச் சண்டை போட்டார்கள். ஹாரன் எத்தனையோ வருடமாக வேலை செய்வதில்லை. இசக்கிப்பாண்டி நைனாவை ஹோஸ் பிடிக்க வைத்துக்கொண்டார். "அண்ணனுக்கு அஞ்சு சந்தும் தெரியும்லா" என்றார். அவர் தயவில் என்று நான் எழுதமாட்டேன். அவருக்கும் ஆள் வேண்டும்.

இன்று காலை ஆறே முக்காலுக்கு நான் வாசலில் நின்றேன். முதலில் வந்தது வண்டி இல்லை, நைனா. இடது கையில் கயிற்றில் கட்டிய பழைய சைலென்சரின் மேல் பாதி. வலது கையில் ஸ்பேனர். உள்ளே தகடு இல்லாததால் அது கோயில் மணி மாதிரி கத்துகிறது. எவ்வளவு சத்தம் வருகிறது என்று அவருக்குத் தெரியாது. அதனால் முழுப் பலத்தோடு அடிக்கிறார். குடங்கள் வரிசைக்கு வந்தன. மலிகா நொண்டிக்கொண்டே டிரம்மை நகர்த்தினாள். "போதும் நைனா, காது கிழியுது" என்று சிரித்தாள். அவர் அவள் உதட்டைப் பார்த்து, அவரும் சிரித்தார்.

என்னைக் கடக்கும்போது நின்றார்.

"கடசி வூடு வரிக்கும் கேக்குதா?"

தலையசைத்தேன்.

அப்பார்ட்மென்ட் பக்கம் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

இசக்கிப்பாண்டி மதியம் போன் செய்தார். மறுபடியும் புகார் வந்திருக்கிறதாம், இந்த முறை எழுத்தில். "அண்ணன்கிட்ட கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லும்மா."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.